"என்னை நம்ப மாட்டாங்களா டீச்சர்?"

நீளமான பதிவு இது. அடுப்பில் ஏதாவது வைத்திருந்தால் இறக்கி வைத்துவிட்டு வந்து படியுங்கள்.

போன வாரம் ராத்திரி ஒன்பதரை மணிக்கு ஒரு போன். 2001-இல் என்னிடம் பத்தாம் வகுப்பு முடித்த மாணவி. பெயர் போடவில்லை. அவளோடு படித்தவர்கள் யாரென்று கண்டுபிடித்துவிட்டாலும் கமெண்டில் எழுதாதீர்கள். இப்போது செவிலியராக இருக்கிறாள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அம்மாவும் போன பிறகு வீட்டில் தனி. வளர்ப்புப் பராமரிப்பில் ஒரு பிள்ளையை எடுத்து வளர்க்கலாம் என்று விண்ணப்பித்திருக்கிறாள். தைரியம் சொன்னவள் நான்தான். அதனால் கோபமும் என்மேல்தான் வந்தது.

"போலீஸ் சர்ட்டிபிகேட் கேக்கறாங்க டீச்சர். மெடிக்கல் கேக்கறாங்க. என்னைப் பத்தி ரெண்டு பேரு எழுதிக் கொடுக்கணுமாம். வீட்டுக்கு வந்து பாத்ரூம் தாழ்ப்பாளைக்கூட ஆட்டிப் பாத்தாங்க. ஏன் கல்யாணம் பண்ணிக்கலன்னு கேட்டாங்க. பதினாறு வருஷமா ஐ.சி.யூ.ல வேலை பாக்கறேன், ஊரான் உசிரை என் கையில கொடுக்கறாங்க. ஒரு பிள்ளையைக் கொடுக்க என்னை நம்ப மாட்டாங்களா டீச்சர்?"

போனில் எனக்குச் சரியாகப் பதில் வரவில்லை. "எழுதறேன், படி" என்று சொல்லிவிட்டேன். அவளுக்காக ஆரம்பித்தது. இதே கேள்வியை வேறு நான்கைந்து பேரும் உள்பெட்டியில் கேட்டிருப்பதால் எல்லோருக்குமாக எழுதுகிறேன்.

முதலில் உறவினர்களுக்கு ஒரு வார்த்தை. கல்யாண வீடுகளில் இன்னமும் என்னைப் பார்த்து "நீங்க தத்து எடுத்த பிள்ளை எப்படி இருக்கு?" என்று கேட்கிறீர்கள. தத்து வேறு, இது வேறு. தத்தெடுத்தால் பிள்ளை சட்டப்படி நம் பிள்ளை. சொத்து, இனிஷியல் எல்லாம் சேர்த்து. வளர்ப்புப் பராமரிப்பு அப்படியில்லை. அப்பா அம்மா இருந்தும் இப்போதைக்கு வளர்க்க முடியாத நிலை, அல்லது யாரும் வந்து பார்க்காமல் இல்லத்திலேயே வளரும் நிலை. அந்தப் பிள்ளைக்குச் சில மாதமோ சில வருடமோ ஒரு வீட்டுச் சாப்பாடு, ஒரு வீட்டுப் படுக்கை. பெற்றவர் பார்க்க வரலாம். நிலைமை சரியானால் பிள்ளை திரும்பிப் போகும். 2015-ஆம் வருட இளைஞர் நீதிச் சட்டத்தின் 44-ஆம் பிரிவு இதைத்தான் சொல்கிறது. பிள்ளையை ஒப்படைக்க உத்தரவு போடுவது மாவட்டத்துக் குழந்தைகள் நலக் குழு. ஒரு தலைவரும் நான்கு உறுப்பினர்களும் கொண்ட அந்தக் குழுவுக்கு முதல் வகுப்பு மாஜிஸ்திரேட்டின் அதிகாரம் உண்டு.

நானும் சாரும் விண்ணப்பித்தது 2018-இல். நான் ஓய்வு பெற்று ஒரு வருடம் ஆகியிருந்தது. மகன் பெங்களூரில். அப்போது இருந்த 2016-ஆம் வருட வழிகாட்டு நெறிமுறைப்படி கணவன் மனைவி இருவரும் இந்தியக் குடிமக்களாக, 35 வயதுக்கு மேற்பட்டவர்களாக இருக்க வேண்டும். இருவருக்கும் ஒரே பிள்ளையை வளர்க்க மனம் இருக்க வேண்டும். ஒருவர் ஆசைப்பட்டு மற்றவர் தலையாட்டினால் போதாது. அதனால் எங்கள் இருவரையும் தனித்தனியாக உட்கார வைத்துப் பேசினார்கள். சார் உள்ளே நாற்பது நிமிடம். வெளியே வந்து "என்னவோ பொண்ணு பாக்க வந்த மாதிரி இருக்கு" என்றார்.

கேட்டதையெல்லாம் கொடுத்தோம். பென்ஷன் புத்தகம், வீட்டு வரி ரசீது, ஆதார், கல்யாணப் பதிவு. மருத்துவப் பரிசோதனை வீட்டில் இருக்கும் எல்லோருக்கும்: காசநோய், மஞ்சள் காமாலை பி, எச்.ஐ.வி. கடைசியாகச் சொன்னதற்குச் சார் முகம் மாறிவிட்டது. அறுபத்தொரு வயதில் ஆய்வகத்தில் அந்தப் பெயர் எழுதிய சீட்டை நீட்ட அவருக்குக் கூச்சம். நானே இரண்டு சீட்டையும் வாங்கிக் கொடுத்தேன். ஆய்வகத்துப் பையன் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அவனுக்குத் தினம் இதே வேலை.

போலீஸ் விசாரணைக்கு வந்த தலைமைக் காவலர் என் மாணவர்! வாசலிலேயே விரைப்பாக நின்றுகொண்டு, "டீச்சர், உங்களைப் பத்தி நான் என்னத்தை விசாரிக்கறது? கையெழுத்துப் போட்டுக் கொடுத்துட்டுப் போறேன்" என்றார். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன். காபி கொடுத்தேன். பிறகுதான் உறைத்தது. "தம்பி, நீ என் கணக்கு நோட்டிலேயும் வழிமுறை எழுதாம விடையை மட்டும் எழுதுவே. தெருவுல நாலு வீட்ல கேட்டுட்டு வந்து எழுது" என்று அனுப்பினேன்.

போனவர் முக்கால் மணி நேரம் கழித்துத் தலையைச் சொறிந்துகொண்டு வந்தார். மூன்றாவது வீட்டில் சொல்லிவிட்டார்கள்: "சார் ஜெயிலுக்குப் போனவராச்சே!"

2003 ஜூலை வேலைநிறுத்தம் உங்களில் பலருக்குத் தெரியாது. அரசு ஊழியர்களும் ஆசிரியர்களுமாக ஒன்றரை லட்சம் பேருக்கு மேல் டெஸ்மா சட்டத்தில் வேலைநீக்கம் செய்யப்பட்ட காலம். சங்கத்தில் இருந்த சாரை ராத்திரியோடு ராத்திரியாக அழைத்துப் போனார்கள். ஒன்பது நாள் உள்ளே இருந்தார். பிறகு வேலையும் திரும்பக் கிடைத்தது, வழக்கும் போனது. அதை நாங்கள் மறந்தே போயிருந்தோம். விதியில் இருப்பது குற்றவாளி என்று தீர்ப்பான வழக்கு உண்டா என்பதுதான். எங்களுக்கு அது இல்லை. ஆனாலும் ஒரு தாளில் நடந்ததை எழுதி, இருவரும் கையெழுத்திட்டு விண்ணப்பத்தோடு சேர்த்தோம். மறைத்துவிட்டுப் பிறகு தெரிந்தால்தான் கேவலம். யாரும் அதைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரர்தான் ஒரு மாதம் எங்கள் முகத்தைப் பார்க்காமல் நடந்தார், பாவம்.

எனக்கு வலித்த கேள்வி வேறு.

வீட்டு ஆய்வுக்கு வந்த சமூகப் பணியாளர் சின்னப் பெண். என் மகனைவிடப் பத்து வயது குறைவு இருக்கும். மூன்று தடவை வந்தார்; மூன்றாவது தடவை சொல்லாமல் வந்தார். பிள்ளைக்கு எந்த அறை, ராத்திரி விளக்கு எங்கே, வீட்டுக்கு அடிக்கடி வருகிற ஆண்கள் யார், யாராவது குடிப்பார்களா, மாடிப்படிக்குக் கைப்பிடி ஏன் இல்லை என்றெல்லாம் கேட்டுவிட்டு, நோட்டைப் பார்த்தபடியே கேட்டார்: "நீங்க கிளாஸ்ல பிள்ளைங்களை அடிச்சிருக்கீங்களாம்மா?"

என் ஸ்கேல் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். அடி ஸ்கேல், மரத்தில் செய்தது, ஓரத்தில் பித்தளைத் தகடு. வாய்ப்பாடு தப்பினால் ஒன்று, வீட்டுப்பாடம் இல்லையென்றால் இரண்டு. ரீயூனியனில் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தீர்கள், "அந்த அடியாலதான் டீச்சர் ஆளானோம்" என்று. நானும் சிரித்தேன். அந்தப் பெண் முன்னால் உட்கார்ந்திருந்தபோது சிரிப்பு வரவில்லை. 2009-ஆம் வருடக் கல்வி உரிமைச் சட்டம் 17-ஆம் பிரிவில் அடிப்பதைத் தடை செய்தது. நான் அதற்குச் சில வருடம் முன்பே விட்டுவிட்டேன் என்று சொல்லலாமா என்று யோசித்தேன். அது உண்மைதான், ஆனால் கேள்வி அது இல்லை. "அடிச்சிருக்கேன்" என்றேன். "எத்தனை வருஷம்?" "இருபது வருஷம் இருக்கும்." எழுதிக்கொண்டார். "உங்க பையனை?" "அவனையும்."

அன்று ராத்திரி விண்ணப்பம் தள்ளுபடி ஆகிவிடும் என்றே நினைத்தேன். ஆகவில்லை. பிள்ளையை அடிக்க மாட்டோம், இழிவாகப் பேச மாட்டோம் என்று எழுதி வாங்கினார்கள். பயிற்சிக்கு வரச் சொன்னார்கள். முப்பத்துமூன்று வருடம் வாத்தியார் வேலை பார்த்தவளுக்குப் பிள்ளை வளர்ப்புப் பயிற்சி! போனேன். அடி வாங்கி வளர்ந்த பிள்ளை நாம் துடைப்பத்தை எடுத்தால்கூட ஏன் பின்னால் நகரும் என்று அங்கேதான் கற்றுக்கொண்டேன். பித்தளைத் தகட்டில் அடி வாங்கியவர்கள் இதைப் படித்தால், உங்களிடம் மன்னிப்புக் கேட்கிறேன். சிரித்துக் கடக்க வேண்டாம்.

இனி நான் எழுதத் தயங்கிய பகுதி. இதை எழுத அனுமதி வாங்கியிருக்கிறேன்.

1993. எட்டாம் வகுப்பில் ஒரு பெண். அப்பா முதலிலேயே இல்லை, அந்த வருடம் அம்மாவும் போய்விட்டார். பாட்டிக்குக் கண் தெரியாது. படிப்பு நின்றுவிடும் என்று நான் அலைந்துகொண்டிருந்தபோது, தெரிந்தவர் ஒருவர் மூலமாக ஒரு குடும்பம் வந்தது. நகரத்தில் வசதியானவர்கள். "வீட்டுப் பிள்ளையா வளக்கறோம், படிக்க வைக்கறோம்" என்றார்கள். அந்த அம்மாள் பட்டுப்புடவை கட்டி, நெற்றி நிறையக் குங்குமத்தோடு, எவ்வளவு தன்மையாகப் பேசினார் தெரியுமா! நான்தான் பாட்டியிடம் பேசிச் சம்மதிக்க வைத்தேன். மாற்றுச் சான்றிதழ் நான் எழுதி, தலைமையாசிரியர் கையெழுத்திட்டார். அதில் ஒரு கட்டம் இருக்குமே, மாணவரின் நடத்தை என்று. "நன்று" என்று எழுதினேன். எல்லோருக்கும் அப்படித்தான் எழுதுவோம். பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு நடத்தைச் சான்று கொடுத்து அனுப்பினேன். அவளை அழைத்துக்கொண்டு போனவர்களிடம் யாரும் எந்தச் சான்றும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. முகவரிகூட அவர்கள் சொன்னதைத்தான் எழுதி வைத்தேன்.

ஒன்றரை வருடம் கழித்து ஒரு வேலையாக அந்த நகரத்துக்குப் போனபோது, சொல்லாமல் வீட்டுக்குப் போனேன். ஆச்சரியப்படுத்தலாம் என்று. கதவைத் திறந்தது அவள்தான். இடுப்பில் அந்த வீட்டுக் குழந்தை. முழங்கைக்குக் கீழே சூடு பட்ட தழும்பு. பள்ளிக்கூடத்தில் சேர்க்கவே இல்லை. அந்த அம்மாள் அதே தன்மையோடு காபி கொடுத்தார். அவள் அடுக்களை நிலைப்படியில் நின்றுகொண்டிருந்தாள். "என்னடி, நல்லா இருக்கியா?" என்று கேட்டேன். அவர்கள் முன்னால் வைத்துக் கேட்டேன்! வேறென்ன சொல்வாள்? "நல்லா இருக்கேன் டீச்சர்" என்றாள். வாசல் வரை வந்தவள் மெதுவாக, "நீங்கதானே டீச்சர் அனுப்பினீங்க" என்றாள். குற்றம் சொல்கிற குரலில் இல்லை. நான் அனுப்பிய இடம் என்பதால் சகித்துக்கொண்டு இருக்கிறாளாம்.

அவளை அங்கிருந்து மீட்க இன்னும் நான்கு மாதம் ஆனது. அவளுடைய சித்தியைத் தேடிப் பிடித்து, அவர் போய்ச் சண்டை போட்டுத்தான் அழைத்து வந்தார். யாரிடம் புகார் கொடுப்பது என்றே எனக்குத் தெரியவில்லை. படிப்பு அதோடு போனது. பிறகு மில் வேலை, கல்யாணம், இரண்டு பெண்கள். மூத்தவள் இப்போது கல்லூரியில் படிக்கிறாள். இந்தப் பதிவை எழுதும் முன் அவளிடம் போனில் வாசித்துக் காட்டினேன். "எழுதுங்க டீச்சர். ஊர் பேரு மட்டும் போடாதீங்க" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "அந்தத் தழும்பு இப்ப மங்கிப்போச்சு" என்றாள்.

அதனால்தான் செவிலியர் கண்ணே, உன் கோபம் எனக்குப் புரிந்தாலும் என்னால் அதில் சேர முடியவில்லை. உன்னை நம்பாததால் கேட்கவில்லை. உன் வீட்டுக்கு வரப்போகிற பிள்ளைக்கு உன்னைத் தெரியாது, கேட்கத் தெரியாது, கேட்டாலும் பதில் சொல்ல யாரும் இருக்க மாட்டார்கள். அதனால் வேறு யாரோ கேட்கிறார்கள். போக்சோ வழக்குகளை எடுத்துப் பார்த்தால் பெரும்பாலானவற்றில் குற்றம் சாட்டப்பட்டவர் அந்தக் குழந்தைக்கு ஏற்கெனவே தெரிந்தவர்: உறவுக்காரர், பக்கத்து வீட்டுக்காரர், வாத்தியார். எங்கள் தொழிலும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. டீச்சர் என்பதற்காக என்னை விசாரிக்காமல் விட்டிருந்தால் அது எனக்கு மரியாதை. அந்தப் பிள்ளைக்கு என்ன?

கல்யாணம் ஏன் செய்துகொள்ளவில்லை என்று கேட்டார்களே, அது எனக்கும் பிடிக்கவில்லை. 2024-இல் வந்த புதிய நெறிமுறைப்படி கல்யாணம் ஆனவரா ஆகாதவரா என்பது தடையே இல்லை. தனியாக இருக்கும் பெண் ஆண் பிள்ளையையோ பெண் பிள்ளையையோ வளர்க்கலாம். தனி ஆண் என்றால் ஆண் பிள்ளை மட்டும். தம்பதி என்றால் குறைந்தது இரண்டு வருடம் நிலையான மணவாழ்க்கை, இருவர் வயதும் சேர்ந்து 70 ஆவது இருக்க வேண்டும். பிள்ளைக்கு வயது 6-க்கு மேல். எங்கள் காலத்தில் ஐந்து வருடம் வளர்த்த பிறகுதான் தத்தெடுக்கக் கேட்க முடியும். இப்போது இரண்டு வருடம். விண்ணப்பமும் கேரிங்ஸ் தளத்தில் ஆன்லைனிலேயே. நாங்கள் ஜெராக்ஸ் கடையில் செலவழித்த காசுக்கு ஒரு மேசை மின்விசிறி வாங்கியிருக்கலாம். கேள்வி வேறு மாதிரி வந்திருக்கலாம்: "உனக்கு உடம்புக்கு முடியாமல் போனால் பிள்ளையை யார் பார்த்துக்கொள்வார்கள்?" என்று. அது நியாயமான கேள்வி. நீ நைட் ஷிப்ட் போகிறவள். அதற்குப் பதில் தயார் செய்து வை.

குறை சொல்லாமல் விடவும் மாட்டேன். எங்கள் கோப்பு ஒரு மேசையில் ஐந்து மாதம் தூங்கியது. எந்த அலுவலகம், யார் மேசை என்று எழுதப் போவதில்லை. கையெழுத்துப் போட வேண்டியவர் மாறுதலில் போனார், வந்தவருக்குக் கோப்பு எங்கே என்று தெரியவில்லை, மருத்துவச் சான்று காலாவதி என்று மறுபடி எடுக்கச் சொன்னார்கள். அந்த ஐந்து மாதமும் ஒரு பிள்ளை இல்லத்தில் முப்பது படுக்கைக்கு நடுவில் படுத்திருந்தது. இழுத்தடிப்பதைச் சரிபார்ப்பு என்று சொல்லிக்கொள்ள விடக் கூடாது. மாதம் ஒரு தடவை போய் நின்று கேள். மரியாதையாகக் கேள், ஆனால் கேள்.

உறவில் நடந்த சரிபார்ப்பு தனி. என் நாத்தனார் (இதைப் படிப்பார், படிக்கட்டும்) முதலில் கேட்டது, "அண்ணி, என்ன சாதின்னு கேட்டீங்களா?" இன்னொருவர், மாதம் 2,000 ரூபாய் அரசு தருகிறது என்று கேள்விப்பட்டு, "பென்ஷன் பத்தலையா?" என்றார். இப்போது 4,000. பள்ளிக்கூடப் பை, செருப்பு, பல் டாக்டர் என்று கணக்குப் போடத் தெரிந்தவர்கள் போட்டுக்கொள்ளுங்கள். மகன் மட்டும்தான் நியாயமாகப் பயந்தான்: "திருப்பிக் கேட்டா உன்னால கொடுக்க முடியுமாம்மா?" அதற்கும் எழுதிக் கொடுத்திருந்தோம், குழு கேட்கும்போது பிள்ளையைத் திருப்பி ஒப்படைப்போம் என்று. எல்லாக் காகிதத்திலும் அதில் கையெழுத்துப் போடத்தான் சாருக்கு நேரமானது.

மாவட்டத்து ஒப்புதல் குழு பார்த்து, குழந்தைகள் நலக் குழு உத்தரவு போட்டு, 2019-இல் பிள்ளை வந்தது. ஆணா பெண்ணா, எந்த வகுப்பு, எந்த ஊர் எதுவும் சொல்ல மாட்டேன். படமும் போட மாட்டேன். இப்படிப்பட்ட பிள்ளைகளின் அடையாளம் வெளியே தெரியக் கூடாது என்று 74-ஆம் பிரிவு சொல்கிறது. சட்டம் சொல்லாவிட்டாலும் அந்தப் பிள்ளையின் கதை அந்தப் பிள்ளையுடையது.

பிள்ளை வந்ததோடு விசாரணை முடிந்தது என்று நினைத்தேன். இல்லை, மாதா மாதம் ஆய்வு. அந்தச் சின்னப் பெண்ணே வருவார். எங்களை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, பிள்ளையோடு தனியாகப் பேசுவார். மூன்றாவது மாதம் பேசிவிட்டு வந்தவர் என்னிடம், "அம்மா, தின்பண்ட டப்பாவை எங்க வச்சிருக்கீங்க?" என்று கேட்டார்.

அடுக்களையில் மேல் தட்டில். எறும்புக்காக. முப்பது வருடமாக அங்கேதான்.

ராத்திரி பசித்தால் என்ன செய்வாய் என்று கேட்டிருக்கிறார். "காலையில வரைக்கும் பொறுத்துக்குவேன்" என்று பிள்ளை சொல்லியிருக்கிறது. இல்லத்தில் ஏழரை மணிக்குச் சாப்பாடு முடிந்தால் முடிந்ததுதான். இங்கேயும் அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டது. கேட்கலாம் என்று யாரும் சொல்லவில்லை. மேல் தட்டில் இருப்பதால் தொடக் கூடாது என்று நினைத்தது. தலையணை உறைக்குள் மத்தியானச் சப்பாத்தி பாதி மடித்து வைத்திருந்தது. துணி துவைக்கிற நான் அதுவரை பார்க்கவில்லை.

போலீஸ் சான்று சரி, மருத்துவச் சான்று சரி, தெருவில் நல்ல பேர், இரண்டு பேர் எழுதிக் கொடுத்த பரிந்துரைக் கடிதம், எல்லாம் சரி. அந்த வீட்டில் மூன்று மாதம் ஒரு பிள்ளை ராத்திரி பசியோடு படுத்தது. எனக்கு அடுப்பங்கரையில் நின்று அழுகை வந்தது. அந்தப் பெண் திட்டவில்லை. "கீழ்த் தட்டுல வைங்கம்மா. நீங்க பாக்காதப்பவும் எடுக்கலாம்னு சொல்லுங்க" என்றார். அன்றைக்கே இறக்கி வைத்தோம். முதல் வாரம் டப்பா இரண்டு நாளில் காலியானது. பிறகு தானாகவே குறைந்தது.

1993-இல் அந்த நகரத்து வீட்டுக்கு மாதம் ஒரு தடவை இப்படி ஒருவர் போய், அந்தப் பெண்ணைத் தனியாக உட்கார வைத்து "ராத்திரி எங்கே படுக்கிறாய்?" என்று கேட்டிருந்தால்... விடுங்கள்.

இரண்டேகால் வருடம் இருந்தது. 2021-இல் அம்மாவின் நிலை தேறியது. குழு விசாரித்து உத்தரவு போட்டது. வந்தபோது ஒரு பை, போகும்போது மூன்று பையும் ஒரு சைக்கிளும். அந்த அம்மா சாரின் காலில் விழப் போக, சார் பதறிப்போய்ப் பின்னால் நகர்ந்து பூந்தொட்டியை உடைத்துவிட்டார். பிள்ளைதான் முதலில் சிரித்தது. அதற்குப் பிறகு நாங்கள் இன்னொரு பிள்ளைக்கு விண்ணப்பிக்கவில்லை. சாருக்கு இதய அறுவை சிகிச்சை ஆனது, எங்கள் வயதும் ஏறிவிட்டது. பொங்கலுக்குப் போன் வரும். கணக்கில் எத்தனை என்று நான் கேட்பதில்லை; அதுவாகச் சொல்லும்.

செவிலியர் மாணவிக்கு மறுபடி வருகிறேன். இரண்டு பரிந்துரைக் கடிதத்தில் ஒன்று நான் தர வேண்டும் என்று கேட்டிருக்கிறாள். "உங்களுக்கு என்னைத் தெரியாதா டீச்சர், ரெண்டு வரி எழுதி வாட்ஸப்ல அனுப்புங்க" என்றாள். பதினைந்து வயதில் அவளைத் தெரியும். முப்பத்தொன்பது வயதில் அவள் வீட்டை நான் பார்த்ததில்லை. வெள்ளிக்கிழமை காலை பஸ் ஏறுகிறேன். ராத்திரி அங்கேதான் தங்கப் போகிறேன், அடுத்த நாள் அவள் நைட் ஷிப்ட் போகும்போது பிள்ளையைப் பார்த்துக்கொள்ளப் போவதாகச் சொன்ன பக்கத்து வீட்டு அம்மாளிடமும் பேச வேண்டும். கடிதம் அதற்குப் பிறகு. அவளிடம் இன்னும் சொல்லவில்லை. இதைப் படித்துத் தெரிந்துகொள்ளட்டும். எனக்கு ராத்திரிக்கு இரண்டு இட்லி போதும் கண்ணு, தேங்காய்ச் சட்னி வேண்டாம்.